குடும்பக் காருக்குத் தேவை நம்பகமே!

(‘குடும்பத்துக்கு ஏற்ற கார் எது? நம்பகமானதா? நயமானதா?’ என்ற தலைப்பில், ‘நம்பகமானதே’ என்னும் அணிக்காக விழுப்புரத்தில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசிய அம்மா அவர்களுக்கு நீங்கள் தட்டிய தட்டலில் எனக்கே ஆசை வந்து நானும் தட்டிவிட்டேன். ‘கார்க் கதவைச் சாத்தினா டமால்னு கேக்கக் கூடாது, பட்டுப்புடவைய மடிச்சு வைக்கிற மாதிரி மெத்துனு சாத்தணும்’ என்றார்கள். நல்ல உவமை. ‘இன்ஜின் ஓடுதா இல்லையான்னே தெரியக் கூடாது’ என்றார்கள். ஐயா, எங்கள் தெருவில் அப்படி ஒரு வண்டி இருக்கிறது. இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது. ஏனென்றால் அது ஓடி ஒரு மாதம் ஆகிறது! (சிரிப்பு)

நாம் எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும், ஐந்து பேர் உட்காரலாம், செடான் என்கிறார்களே, அந்த நடுத்தர அளவுக் கார். கோடீஸ்வரர் வீட்டில் நாலோடு ஐந்தாக நிற்கும் வண்டி அல்ல. வீட்டுக் கடனைப் பாதி அடைத்துவிட்டு, பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுத்து, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு இதுதான் என்று ஒரு குடும்பம் வாங்கும் ஒரே வண்டி. அது நின்றால் மாற்று வண்டி கிடையாது. எதிரணியினர் இதை மறந்துவிட்டுப் பேசினார்கள்.

சரி, நம்பகம் என்றால் என்ன? ‘பழுதாகாமல் இருப்பது’ என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. அம்பாசடரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடியொற்றி, 1950களின் இறுதியில் மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் பிறந்த வண்டி. 2013இல் பி.பி.சி.யின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சியில் பல நாட்டு டாக்சிகளைப் போட்டிக்கு விட்டு, அம்பாசடர்தான் முதல் என்றார்கள். 2014 மே மாதம் உற்பத்தி நின்றுவிட்டது. பாராட்டு விழா நடத்திய கையோடு ஓய்வு கொடுத்து அனுப்புவது எங்கள் கல்லூரியில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்! (சிரிப்பு)

அந்த அம்பாசடர் நம்பகமான வண்டியா? இந்தச் சபையில் அதை வைத்திருந்தவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் ரேடியேட்டர் கொதிக்கும். மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் இருமும், பிறகு நிற்கும். வேளாவேளைக்குக் கிரீஸ் அடிக்காவிட்டால் முன்பக்கம் முனகும். விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போவதற்குள் ஒரு தடவையாவது பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் நின்றிருப்போம். ஆனாலும் நம்பினோமே, ஏன்? நின்ற இடத்திலேயே அது மறுபடி கிளம்பும்! விக்கிரவாண்டியில் நின்றாலும் சரி, ஒலக்கூரில் நின்றாலும் சரி, ஒரு பையன் ஸ்பேனரோடு சைக்கிளில் வருவான். ‘ஒண்ணும் இல்ல சார், பாயிண்ட்டு கரிஞ்சிருக்கு’ என்பான். கால் மணி நேரத்தில் வண்டி புறப்படும்.

ஆகவே, அது பழுதாகாத வண்டி அல்ல. பழுது பார்க்க முடிந்த வண்டி. நம்பகம் என்ற சொல்லுக்குள் இந்த இரண்டும் இருக்கின்றன. ஒன்று, நிற்காமல் இருப்பது. மற்றொன்று, நின்றால் கிளப்ப முடிவது. அந்தக் காலத்து வண்டியில் முதல் பாதி குறைவு, இரண்டாம் பாதி மிகுதி. இன்றைய வண்டியில் நேர்மாறு. கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் ஊற்றுகிறது. வருஷக் கணக்கில் நிற்பதில்லை. நின்றால்? விழுப்புரத்தில் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள். செருகிப் பார்த்து என்ன நோய் என்று சொல்லிவிடுவார்கள். மருந்து எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. சென்னைக்காரருக்கு இந்த இரண்டாம் பாதி பெரிதில்லை, வேளச்சேரியில் நின்றால் கிண்டிக்கு இழுத்துப் போகலாம். நமக்கு அப்படி இல்லை.

இப்போது நயத்துக்கு வருவோம். நான் தமிழாசிரியன், ஒரு சொல் கிடைத்தால் விடமாட்டேன். நயம் என்றால் மென்மை, இனிமை, நேர்த்தி என்று அம்மா விளக்கினார்கள். சரிதான். ஆனால் கடைத்தெருத் தமிழில் நயம் என்றால் என்ன? ‘நயம் நல்லெண்ணெய் குடுங்க’, ‘நயம் துவரம்பருப்பா?’ என்று கேட்கிறோமே. கலப்படம் இல்லாத முதல்தரச் சரக்கு என்று பொருள். மணம் மட்டும் நயமாக இருந்து உள்ளே வேறு எண்ணெய் இருந்தால், அம்மா, நீங்கள் கடைக்காரரைச் சும்மா விடுவீர்களா? (கைதட்டல்)

அப்படி ஒரு சரக்கு விற்ற கதை இதே சாலையில் நடந்திருக்கிறது. பழைய 45ஆம் எண் நெடுஞ்சாலையில் நீங்கள் சென்னைக்குப் போகும்போது வண்டலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கார்த் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. ஹெரால்டு செய்தார்கள், கெசல் செய்தார்கள். 1985இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒரு சொகுசு வண்டியை இறக்கினார்கள். உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. ஐரோப்பாவின் 1977ஆம் ஆண்டுக் கார் என்று பரிசு வாங்கிய உடம்பு, சாட்சாத் மன்மதன்! உள்ளே வைத்த இதயம்? 1940களில் பிறந்த ஸ்டாண்டர்டு வேன்கார்டு இன்ஜினின் வாரிசு. மாப்பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும் புதுசு, மூச்சு மட்டும் தாத்தாவுடையது. (சிரிப்பு) விலை அதிகம், பெட்ரோல் அதிகம், வேகம் குறைவு. 1988இல் உற்பத்தி நின்றது. கம்பெனியும் அதிலிருந்து மீளவில்லை.

அதே சாலையில் இன்னும் தெற்கே வந்தால் மறைமலைநகர், ஃபோர்டு ஆலை. 1999இல் ஐகான் வந்தது. ஓட்டுவதற்கு அப்படி ஒரு சுகம் என்று அதை வைத்திருந்த நண்பர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். 2022இல் அந்த ஆலையில் கார் உற்பத்தி முடிந்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று சொன்னார்கள். இருந்தாலும் அறிவிப்பு வந்த மறுநாள் காலையில், வாசலில் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்துப் பல வீடுகளில் பெருமூச்சு விட்டார்கள். வண்டியில் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் பாதியைப் பற்றித்தான் கவலை.

இனி என் வீட்டுச் செய்தி ஒன்று. கம்பெனி பெயர் வேண்டாம், நடந்தது மட்டும் போதும். என் அக்கா திண்டிவனத்தில் இருக்கிறார். சில வருஷங்களுக்கு முன் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. புதுச்சேரி ஜிப்மரில் கதிர்வீச்சுச் சிகிச்சை. வாரத்தில் ஐந்து நாள் போகவேண்டும், நாள் தவறக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் மாமா, பதினான்கு வயதான பழைய காரைத் தெருக்கோடி மளிகைக் கடைக்காரருக்கு விற்றுவிட்டு, தானே கியர் மாற்றிக்கொள்ளும் நயமான வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். பத்து நாள் அதில்தான் போய்வந்தார்கள். பதினோராம் நாள் கிளியனூர் தாண்டியதும் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஓரமாக நின்றது. இன்ஜின் ஓடுகிறது, ஏ.சி. ஓடுகிறது, பாட்டுக்கூடப் பாடுகிறது. கியர் மட்டும் விழவில்லை. அக்காவும் மாமாவும் இறங்கி, வந்த பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே கோரிமேட்டில் இறங்கினார்கள்.

கார் லாரியில் ஏறிச் சென்னைக்குப் போயிற்று. கியர்ப் பெட்டியை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் போய்விட்டதாம். வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள். பத்தொன்பது நாள். அந்த நாட்களில் அக்காவை யார் அழைத்துப் போனது தெரியுமா? அந்த மளிகைக் கடைக்காரர். எந்த வண்டியில்? மாமா விற்ற அதே பழைய வண்டியில்!

ஒருநாள் நானும் கூடப் போனேன். பின் இருக்கையில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: ‘தம்பி, உண்மையச் சொல்லணும்னா அந்த வண்டியில போனப்ப ஒடம்பு நோகல. இதுல ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியுது. ஆனா இது தெனமும் போயிடுது.’

நடுவர் ஐயா, இதில் பின்பாதியை மட்டும் சொல்லிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். முன்பாதியை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. நோயாளிக்கு, முதுகெலும்பு தேய்ந்த பெரியவருக்கு, கைக்குழந்தைக்காரிக்கு நயம் ஆடம்பரம் அல்ல. இராத்திரி மூன்று மணிக்கு இந்த நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு இன்ஜின் இரைச்சலும் நடுக்கமும் குறைந்தால் அயர்ச்சியும் குறையும். அதுவும் உயிர் காக்கும் விஷயந்தான். எதிரணிக்கு இதை நான் விட்டுக்கொடுக்கிறேன்.

ஆனால் நயம் ஒரே வகை அல்ல, இரண்டு வகை. ஒன்றை இழைத்த நயம் என்கிறேன், மற்றொன்றை ஏற்றிய நயம் என்கிறேன். தச்சர் பலகையை இழைப்புளியால் இழைத்து வழவழப்பாக்குகிறார். அதில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. இருப்பதையே செம்மை செய்கிறார். இன்னொருவர் சொரசொரப்பான பலகைமேல் பளபளப்பான தாளை ஒட்டுகிறார். கைவைத்தால் இரண்டும் வழவழப்புத்தான். நாலு மழை பெய்யட்டும், தெரியும்.

காரில் பாருங்கள். நாலு சிலிண்டர் இன்ஜின் ஏன் மூன்று சிலிண்டரைவிட அமைதியாக இருக்கிறது? நாலில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்களே, அந்த மாதிரி ஒன்றை ஒன்று சமன் செய்துகொள்ளும். மூன்று என்றால் இன்ஜினின் இரண்டு நுனிகளும் ஏற்றப்பலகை போல மாறி மாறித் தூக்கும். அதை அடக்க எடைத்தண்டு வைப்பார்கள், மெத்தென்ற மவுண்டிங் வைப்பார்கள். நாலு சிலிண்டரின் அமைதி பிறவியிலேயே வந்தது, அதனால் வண்டி நிற்கும் வாய்ப்பு கூடுவதில்லை. நல்ல இருக்கை, கதவைச் சுற்றிக் கனமான ரப்பர், சரியான ஷாக் அப்சர்பர், நல்ல டயர் இவையெல்லாம் இழைத்த நயம்.

இரட்டைக் கிளட்ச் கியர்ப் பெட்டி வேறு சங்கதி. ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரண்டு, நான்கு, ஆறுக்கு இன்னொரு கிளட்ச். அடுத்த கியர் எப்போதும் தயாராக நிற்கும், மாறுவதே தெரியாது. வெண்ணெய்தான்! ஆனால் எண்ணெயில் முங்காத உலர்ந்த வகைக் கிளட்ச் என்றால், திண்டிவனம் மேம்பாலத்தடியில் பொங்கல் கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சூடாகும். அதை ஆளுவதற்கு ஒரு கம்ப்யூட்டர், அதற்குச் சில சென்சார்கள். பழைய முறைத் தானியங்கிப் பெட்டியில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய்தான் பாலம். கொஞ்சம் சோம்பேறி, ஆனால் தாங்கும். நயத்துக்காகக் கூடுதலாக ஏற்றிய ஒவ்வோர் உறுப்பும் பழுதாவதற்குக் கூடுதலாக ஓர் இடம்.

‘அப்படின்னா இழைச்ச நயமும் நம்பகமும் ஒரே வண்டியில கிடைக்குமா?’ என்று நடுவர் ஐயா கண்ணாலேயே கேட்கிறார். கிடைக்கும் என்று ஜப்பான்காரர் காட்டினார். விலையில் அது நம் குடும்ப வண்டி அல்ல, ஆனாலும் கதை நமக்கு வேண்டும். டொயோட்டா கம்பெனி 1983இல் திட்டம் தொடங்கி, 1989இல் அமெரிக்காவில் லெக்ஸஸ் எல்.எஸ். 400 என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விளம்பரத்தில் பானெட்மேல் கண்ணாடிக் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி, உருளைகள்மேல் சக்கரத்தைப் பேய் வேகத்தில் சுற்றவிட்டார்கள். கிண்ணம் சரியவில்லை. தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி ஒரு கொள்கை வைத்திருந்தார். இரைச்சலைப் பஞ்சு வைத்து மூடாதே, பிறக்கும் இடத்திலேயே இழைத்துத் தீர்த்துவிடு. உறுப்புகளை அவ்வளவு துல்லியமாகக் கடைந்தால் நடுக்கமும் குறையும், தேய்மானமும் குறையும்.

அந்த வண்டியிலும் குறை வந்தது. விற்பனை தொடங்கிய அதே வருஷம் டிசம்பரில், மிகச் சில புகார்களுக்காக, அதுவரை விற்ற சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைத்தார்கள். வீட்டுக்கே வந்து எடுத்துப் போய், சரிசெய்து, கழுவிக் கொண்டுவந்து விட்டார்கள். நான் சொன்ன இரண்டாம் பாதி அதுதான். முதல் பாதியில் சறுக்கியதை இரண்டாம் பாதியில் பிடித்துக்கொண்டார்கள்.

எதிரணித் தம்பி ஒருவர் வெளிநாட்டுக் கணக்கெல்லாம் காட்டினார். அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம் 100 வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணி வெளியிடுவது உண்மை. ஆனால் தம்பி, அந்த எண்ணிக்கையில் செல்போன் பாட்டுப் பெட்டியோடு இணையவில்லை என்பதும் ஒரு குறை, கியர்ப் பெட்டி உடைந்தது என்பதும் ஒரு குறை. பத்தாவதில் கணக்கில் தோற்றவனும் கையெழுத்துக் கோணலானவனும் ஒரே வரிசையில் நிற்பது போல. எதனால் வந்த எண் என்று பிரித்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு கேள்வியும் கேட்டார்: ‘2024 டிசம்பர் வெள்ளத்தில் உங்கள் நம்பகமான வண்டி ஓடியதா?’ நியாயமான கேள்வி. ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அரசூர்ப் பக்கம் நெடுஞ்சாலையிலேயே வெள்ளம். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தடியில் தண்ணீர் ஏறி ரயிலே நின்றது. ரயில் நின்ற இடத்தில் காரைக் கேட்பது என்ன நியாயம்? (சிரிப்பு) ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். நயமான வண்டியில் ஒயர்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் இருக்கைக்கடியிலும் தரைவிரிப்புக்கடியிலும் ஒளிந்திருக்கும். அழகுக்காக ஒளித்தது, தண்ணீருக்கு முதல் பலி. எளிய வண்டி வெயிலில் காய்ந்து எழுந்துவிடும். இது இடைச்செருகல்தான், இருந்தாலும் சொல்கிறேன்: தண்ணீரில் நின்றுபோன எந்த வண்டியையும் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று போகும் வழியில் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே இருக்கும் தண்டு வளையும். இன்ஜினே போய்விடும்.

அக்கா கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது. உடம்பு நோகிறது என்று அக்கா சொன்னது மளிகைக் கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலமே திண்டிவனத்தில் தனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டார். மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்து, ‘புஷ்ஷெல்லாம் போயிருக்கு அண்ணே, ஷாக் அப்சர் நாலும் செத்துப்போச்சு’ என்றார். எல்லாம் கடையில் கிடைக்கிற சாமான். மாற்றினார்கள். டயரில் அளவுக்கு மேல் அடித்திருந்த காற்றைக் குறைத்தார்கள். மறுநாள் போகும்போது அக்கா பாதி வழியில் தூங்கிவிட்டார்.

அம்மா, கவனியுங்கள்! ஓடுகிற வண்டிக்குத் திண்டிவனத்தில் ஒரே சாயங்காலத்தில் நயத்தைச் சேர்க்க முடிந்தது. நயமான வண்டிக்கு ஓட்டத்தைச் சேர்க்கச் சென்னையில் பத்தொன்பது நாள் ஆயிற்று. (நீண்ட கைதட்டல்)

இனி நாளைக்கே கார் வாங்கப் போகிறவர்களுக்கு. இந்த அளவு டிக்கிக் கார்களே இப்போது விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன. மாருதி சியாஸைக்கூட 2025இல் நிறுத்திவிட்டார்கள். எந்தக் கம்பெனி வண்டி என்று நான் சொல்லப் போவதில்லை. ஷோரூமுக்குப் போகும் முன்பு உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் போங்கள். ஷோரூமில் வண்டியைப் புகழ்வார்கள், அவர்தான் வயிற்றைத் திறந்து பார்த்தவர். ‘இந்த வண்டியில எது முதல்ல போவுது? போனா சாமான் எங்க கிடைக்கும், எத்தனை நாளாவும்?’ என்று கேளுங்கள். பழைய வண்டி வாங்கினால் உள்ளே ஓடுவது டைமிங் பெல்ட்டா, செயினா என்று கேளுங்கள். பெல்ட் என்றால் கம்பெனி சொன்ன கெடுவில் மாற்றிய ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். விபத்தில் உயிர் காக்கும் திறனை மட்டும் இந்தத் தராசில் எந்தத் தட்டிலும் போடாதீர்கள். அதற்கு நட்சத்திர மதிப்பெண் தனியாக வருகிறது, முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போதும் வீட்டுக்காரர் மட்டும் முன்னால் உட்கார்ந்து ஓட்டிவிட்டு வந்தால் போதாது. வீட்டிலேயே வயதில் மூத்தவரைப் பின் இருக்கையில் உட்காரவைத்து, செஞ்சி ரோட்டில் ஒரு பத்து கிலோமீட்டர் போய் வாருங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் இழைத்த நயம் இருக்கிறதா என்பதற்குத் தீர்ப்பு. திரையின் அகலத்தையும் கூரையில் திறக்கும் ஜன்னலையும் பிறகு பார்க்கலாம்.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் ஐயா சீட்டும் அனுப்பிவிட்டார். அக்கா இப்போது நலமாக இருக்கிறார். இதோ, மூன்றாம் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எந்த வண்டியில் வந்தீர்கள் என்று அவரையே கேளுங்கள், நான் உட்காருகிறேன். (கைதட்டல்)